ஆள் மாறிற்று; வரிசை மாறிற்றா?

மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றிவிட்டால், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களின் இரவுக்குத் தனி உயிர் வந்துவிடும். பகலெல்லாம் கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் ஓய்ந்த மக்கள், லயத்து வாசலில் வந்து கூடுவர். மிலாறு அடுக்கி மூட்டிய தீயிலே தப்பைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பதம் பார்த்து, நாலு பேர் வரிசையாய் நின்று அடி தொடங்குவர். ரதியும் மதனும் ஆடும் அந்தக் களத்தில், ஆட்டத்தை நடத்திச் செல்வது உண்மையில் அந்த நாலு தப்புகள்தாம்.

அப்படியோர் இரவில் நான் கேட்ட சிறிய உரையாடல் ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞன், திருவிழாவுக்காகத் தோட்டம் திரும்பியிருந்தான். தப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த தன் தாய்மாமனிடம் கைப்பேசியை நீட்டினான்.

"மாமா, இங்கிலாந்துல ஒரு பாட்டுக் கூட்டமாம். நாப்பது வருசத்துல அறுபத்தாறு பேரு மாறியிருக்காங்களாம். கேட்டுப் பாக்குறீங்களா?"

கிழவர் சிரித்தார். "அறுபத்தாறா? நம்ம செட்டுல இந்தியாவுக்குப் போனவங்க, செத்தவங்க, கலவரத்துல ஓடுனவங்கன்னு எண்ணிப் பாரு மாப்புளே. ஆளு மாறுறதுல என்னா அதிசயம்? அடி மாறாம இருக்கா, அதச் சொல்லு."

அந்தப் பதிலில் ஒரு வரலாறும் இருந்தது. ஒரு கேள்வியும் இருந்தது. ஒரு குழுவிலிருந்து ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஆயினும் குழு அதே பெயரோடு நிற்கிறது. அப்படியானால் அங்கே நிலைத்திருப்பது எது? ஒருவருடைய அதிகாரமா, எல்லோரும் ஏற்றுக்கொண்ட கொள்கையா, அல்லது நாம் பார்க்க மறுக்கும் வேறொன்றா? இதை ஆராய இங்கிலாந்துக்கும் சென்னைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞன் குறிப்பிட்ட குழுவின் பெயர் 'தி ஃபால்'. வீழ்ச்சி என்பது பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவின் நாவலொன்றின் தலைப்பை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 1976 இல், மான்செஸ்டர் நகரை அடுத்த பிரெஸ்ட்விச்சில் நான்கு இளைஞர் கூடி இதைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான மார்க் ஈ. ஸ்மித் கப்பல் துறையில் எழுத்தராக வேலை பார்த்தவர். அது இங்கிலாந்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, இளைஞர் வேலையின்றித் தெருவில் நின்ற காலம். மூன்று சுருதி தெரிந்தால் போதும், எவரும் மேடை ஏறலாம் என்று 'பங்க்' இசை அறைகூவியது. அந்தக் கூச்சலுக்குப் பின், அதன் துணிவை வைத்துக்கொண்டு புதிய வழி தேடிய குழுக்களின் இசையே 'போஸ்ட் பங்க்' எனப்பட்டது. ஃபால் அவற்றுள் முக்கியமானது.

தொடங்கிய நால்வரில் மூவர் 1979 ஆம் ஆண்டுக்குள் விலகிவிட்டனர். அதன்பின் ஸ்மித் ஒருவரே நிலையானவர்; மற்ற யாவரும் வந்து போவோர். சிலர் சில ஆண்டுகள் இருந்தனர். சிலர் சில நாட்களே இருந்தனர். 1998 இல் நியூயோர்க் நகரத்து மேடையிலேயே சண்டை மூண்டு குழு சிதறியது. ஆயினும் ஸ்மித் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். சுமார் 30 இசைத்தட்டுகள் வெளிவந்தன. 2018 ஜனவரி 24 இல் அவர் இறந்தார்; குழுவும் அன்றோடு இறந்தது. டேவ் சிம்ப்சன் என்ற பத்திரிகையாளர், அக்குழுவில் இருந்து விலகியவர்களையும் விலக்கப்பட்டவர்களையும் ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடித்து 2008 இல் ஒரு நூலே எழுதினார். விலகியோரைத் தேட வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஸ்மித்தின் கலைத்திறனைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தொழிலாளர் குடும்பத்தின் பேச்சுமொழியை மெருகு பூசாமல் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அக்குழுவின் அமைப்பு, தோட்டத்து மக்களாகிய நமக்குப் பழக்கமானது. ஆட்கள் வருவர், பெயர் பதிவர், பெயர் வெட்டப்படுவர். பேரேடு மட்டும் ஒருவர் கையில் இருக்கும். தோட்டத்திலே அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

இதே காலத்தில், இதே நாட்டில், இதற்கு நேர்மாறான குழுவொன்றும் பிறந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஓவிய மாணவர்கள் 1977 இல் தொடங்கிய 'தி மீகான்ஸ்' அது. அங்கே தலைவர் என்று எவரையும் அவர்கள் ஏற்கவில்லை. தொடக்கத்தில் முழவு அடித்த ஜோன் லாங்ஃபோர்ட் பின்னர் கித்தார் வாசித்தார், பாடினார். ஒருவர் செய்ததை மற்றவர் செய்யலாம் என்பதே அவர்களின் ஏற்பாடு. 1980களின் தொடக்கத்தில் குழு ஏறக்குறைய ஓய்ந்தே போயிற்று. அதை மீண்டும் எழுப்பியது சங்கீத வியாபாரம் அன்று, ஒரு வேலைநிறுத்தம்.

1984 மார்ச்சில், நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் தட்சர் அரசின் முடிவை எதிர்த்துப் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஓராண்டு முழுவதும் அப்போராட்டம் நீடித்தது. சம்பளமின்றி வாடிய குடும்பங்களுக்கு நிதி திரட்ட மீகான்ஸ் குழுவினர் மேடை ஏறினர். புதியவர்கள் சேர்ந்தனர், பிடில் வந்தது, பழைய நாட்டுப்பாடல்களின் மெட்டு வந்தது. தோல்வியின் கசப்போடு 1985 இல் வெளிவந்த 'ஃபியர் அண்ட் விஸ்கி' என்ற இசைத்தட்டு அந்த நாட்களின் சாட்சி. 1985 மார்ச்சில் தொழிலாளர் தோற்று வேலைக்குத் திரும்பினர். ஆனால் அப்போராட்டம் சேர்த்துவைத்த குழு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பிரியவில்லை. ஒருவரைச் சார்ந்து எழுந்த குழு அவரோடு முடிந்தது. ஒரு கடமையைச் சார்ந்து எழுந்த குழு ஆள் மாறியும் நின்றது. இவ்விரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு இவ்வளவும் எளிதிற் புலப்படும்.

ஆனால் நம் கிழவரின் தப்புச் செட்டு இவ்விரண்டில் எந்த வகை? அதற்குத் தலைவர் இல்லை. ஆள் மாறியும் அடி மாறவில்லை. அப்படியானால் அது மீகான்ஸ் போன்றதோர் உரிமைக் கூட்டமா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு முன் சென்னைக்குப் போய்வருவோம்.

ஸ்மித் இறந்த அதே மாதத்தில், 2018 ஜனவரி 6 இல், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் புதிய குழுவொன்று முதன்முறையாக மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் 19 பேர் இருந்தனர். வடசென்னையின் கானாப் பாடகர், சொல்லிசைப் பாடகர், மேலை இசை பயின்றோர் எனப் பலரையும் தேர்ந்து சேர்த்திருந்தனர். பறை, சட்டி, கட்ட மோளம், டோலக்கு ஆகியவற்றுக்கு அருகிலேயே மின்கித்தாரும் நின்றது. இழவு வீட்டில் விடிய விடியப் பாடப்படுவது என்று ஒதுக்கப்பட்ட கானா, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தலைநிமிர்ந்து நின்றது. இராயபுரத்துப் பெண்ணான இசைவாணி, ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட கானாவைப் பாடினார். இட ஒதுக்கீட்டின் நியாயத்தை ஒரு பாட்டு பேசியது. மாட்டிறைச்சி உண்பவரை இழிவுபடுத்தும் வழக்கத்தை மற்றொரு பாட்டு கேள்வி கேட்டது.

அக்குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றோர் கூட்டம் என்று நாம் தமிழில் சொல்லலாம். இப்பெயர் வெறும் அலங்காரம் அன்று. 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதியற்ற தமிழர் என்றும் பூர்வத் தமிழர் என்றும் அழைக்க வேண்டுமென்று வாதாடியவர். குடிமதிப்புக் கணக்கிலேயே அவர்கள் அவ்வாறு பதியப்பட வேண்டும் என்று அவர் கோரினார். ஒரு மக்கள்கூட்டம் ஏட்டிலே எந்தப் பெயரில் எழுதப்படுகிறது என்பது அவர்களுடைய வாழ்வையே தீர்மானிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். நூற்றாண்டு கழித்து ஓர் இசைக்குழு அச்சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டது.

பறையின் வரலாறு இங்கே முக்கியம். அதை அடிப்பது ஒரு சாதியாரின் கட்டாயக் கடமை என்று ஊர் விதித்திருந்தது. எனவே ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் ஒரு காலத்தில் 'இனிப் பறை அடியோம்' என்று மறுத்தன. அம்மறுப்பு நியாயமானது, அடிமைச் சின்னத்தைக் கீழே போடாமல் எவரும் நிமிர முடியாது. பின்னர் அதே கருவியை உரிமையின் குரலாக மீட்டெடுக்கும் முயற்சி எழுந்தது. திண்டுக்கல்லில் சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினர். கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டைப் போராட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். முன்னோர் போட்ட அந்தப் பாதையில் வந்ததே சாதியற்றோர் கூட்டம். 2020 டிசம்பரில், சபாக்களின் மார்கழி இசைக்கு மாற்றாக 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவை நீலம் பண்பாட்டு மையம் தொடங்கியதும் இதன் தொடர்ச்சியே.

இக்குழுவிலும் ஆட்கள் மாறினர். முதல் மேடையில் நின்றவர்கள் சிலர் தனித்தனி வழி கண்டனர். அவர்களுள் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்ற சொல்லிசைக் கவிஞர். அவருடைய வரலாறு நம்மை மீண்டும் இந்த மலைகளுக்கே அழைத்து வருகிறது. ஏனெனில் அவருடைய பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவர்.

'திரும்பியவர்' என்று எழுதும்போதே கை தயங்குகிறது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றனர். 1974 இல் பேசி, அவர்களையும் பாதி பாதியாகப் பங்கிட்டனர். எந்த லயத்திலும் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையகம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அதில் ஏறிப் போனவர்களுள் தப்புக்காரரும் இருந்தனர். லாவணி பாடுவோரும் இருந்தனர். பாடிப் பாடிப் பிள்ளை வளர்த்த பாட்டிமாரும் இருந்தனர். 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சிய வரிசையையும் கலைத்தன. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பட்ட துன்பத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாடற்றோர் என்ற நிலையைச் சட்டத்தால் முற்றாக முடிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்துக் குழுக்களில் ஆள் மாறியது விருப்பத்தால், சண்டையால், சலிப்பால். நமது தப்புச் செட்டில் ஆள் மாறியது ஓர் ஒப்பந்தத்தால், ஒரு தீவைப்பால். கிழவர் 'எண்ணிப் பாரு' என்றாரே, அது வேடிக்கைப் பேச்சு அன்று.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டு வெளியாயிற்று. அறிவு எழுதித் தீயுடன் இணைந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் உருவானது. நிலமின்றி நிலத்தை உருவாக்கிய முன்னோரைப் பற்றியது அது. வள்ளியம்மாளும் அதன் காட்சியில் தோன்றினார். கோடிக்கணக்கானோர் கேட்டனர், கஹவத்தையிலும் முச்சக்கர வண்டிகளில் அது ஒலித்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், இசை இதழொன்று அப்பாட்டைக் கொண்டாடித் தன் அட்டையில் வேறிருவர் படத்தை இட்டபோது, அறிவின் முகம் அங்கே இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே பாட்டு மேடையேறியது. அப்போது அவர் வெளிநாட்டில் இருந்தார். பாட்டு யாருடையது என்ற வாதம் எழுந்தது. கூட்டு உழைப்பு என்றனர் ஒருசாரார். சொல்லுக்கு உரியவன் பெயர் எங்கே என்றனர் மறுசாரார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டின் வருவாய் தங்களில் எவருக்குமே வந்து சேரவில்லை என்று வெளிப்படையாக முறையிட்டார். அதே ஆண்டு அறிவு, 'வள்ளியம்மா பேராண்டி' என்ற பெயரிலேயே தன் பாடல்தொகுப்பை வெளியிட்டார்.

அந்த வழக்கில் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. நமக்கு வேண்டியது அது எழுப்பும் உண்மை. கூட்டுக்கலை என்ற சொல் அழகானது. ஆனால் கூட்டு என்று சொல்லும்போது எவருடைய பெயர் முதலில் உதிர்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் உதிர்வது, ஏட்டிலே ஒருபோதும் பெயர் இடம்பெறாதவர்களின் பெயரே. பேரன் தன் தொகுப்புக்குப் பாட்டியின் பெயரைச் சூட்டியது பாசத்தால் மட்டும் என்று நான் எண்ணவில்லை; அது ஒரு கணக்குத் தீர்ப்பு.

இனிக் கிழவரின் கேள்விக்கு வருவோம். அடி மாறாமல் இருக்கிறதா? இருக்கிறது. காமன் ஊன்றும்போது ஓர் அடி, ரதி புறப்படும்போது ஓர் அடி, காமன் எரியும்போது ஓர் அடி, இழவுக்கு ஓர் அடி; ஒன்றும் பிசகவில்லை. ஒரு காலத்தில் விடியலுக்கு முன் பிரட்டுக் களத்துக்கு ஆள் கூட்டியதும் இந்தத் தப்புதான். கப்பலும் கலவரமும் கலைத்த வரிசையை மீண்டும் மீண்டும் நிரப்பி, அடியைக் காத்துத் தந்த அந்த மனிதர்களின் முன் நாம் தலைவணங்க வேண்டும்.

ஆயினும் மாறாதது அடி மட்டும்தானா? வரிசையில் ஓர் இடம் வெறுமையானபோதெல்லாம் அதை நிரப்ப எந்த வீட்டுப் பிள்ளை அழைக்கப்பட்டான்? எப்போதும் அதே சாதியின் பிள்ளை. ஒப்பந்தம் ஆளைப் பிரித்தது. வன்செயல் ஆளை விரட்டியது. சாவு ஆளைக் கொண்டுபோயிற்று. சாதி மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. ஃபால் குழுவில் ஆட்கள் மாறியும் ஒரு மனிதரின் அதிகாரம் நிலைத்தது. நமது செட்டில் ஆட்கள் மாறியும் ஒரு கட்டாயம் நிலைத்தது. அதைப் பாரம்பரியம் என்று புகழ்ந்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கிழவரின் சொந்த மகன் தப்பைத் தொடுவதில்லை. "சாவு வீட்டுக்கு வான்னு கூப்புடுவாங்க, சாராயத்தைக் குடுத்து ஓரமா நிக்கச் சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம்" என்று அவன் என்னிடம் சொன்னான். அவனைக் கலைப்பற்று இல்லாதவன் என்று குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் மறுப்பது தப்பை அன்று, ஓரத்தை.

சாதியற்றோர் கூட்டத்தின் வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்கள் செய்தது ஆள் மாற்றம் மட்டும் அன்று. யார் நிற்கலாம் என்ற விதியின் மாற்றம். பெண் நின்றார்; மேலை இசை கற்றவர் பறைக்குப் பக்கத்தில் நின்றார்; இழவுக்குரியது எனப்பட்டது விழாவின் நடுவில் நின்றது. விரும்பியவர் அடிக்கலாம், விரும்பாதவர் மறுக்கலாம் என்ற நிலை வந்தால்தான் ஒரு வாத்தியம் விடுதலை பெறும். அதுவரை அது கலையாகவும் விலங்காகவும் ஒருங்கே இருக்கும்.

முடிவாக, என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்துத் திருவிழாக் கணக்குப் புத்தகத்தைப் பதினோர் ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். நூறு ரூபாய் கொடுத்தவரின் பெயரைக்கூட முதலெழுத்தோடு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பதினோர் ஆண்டுகளிலும் ஒரே வரி: 'தப்புக்காரருக்கு' என்று, எதிரே ஒரு தொகை. நாலு இரவு, நாலு மனிதர், ஒரு பெயரும் இல்லை. ஃபால் குழுவின் விலகியோரைத் தேடிப் போன பத்திரிகையாளரை நான் பாராட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் லயத்துக்கு அடுத்த லயத்து மனிதரின் பெயரை நானே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இவ்வாண்டு நால்வர் பெயரையும் எழுதினேன். பின், கிழவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் நினைவுக்கு எட்டியவரை பழைய வரிசையையும் கேட்டு எழுதினேன்: கப்பலேறியவர்கள், காட்டுக்குள் ஓடியவர்கள், மண்ணுக்குள் போனவர்கள். முப்பத்தெட்டுப் பெயர்கள் வந்தன. எழுதி முடித்ததும் அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ எடம் விட்டு வையுங்க ஐயா. இனி யாரு வேணாலும் வரலாமில்ல?" என்றார்.

இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதில் எந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் எழுதப்படும் என்பதை எங்கள் தோட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.